யாருடைய மசக்கை?

"வந்துருச்சூ!"

தெருவே ஒரே குரலில் கத்தியது. அடுத்த நொடி நூரிஸின் பார்லரில் டிரையர்கள் எல்லாம் ஒன்றாக உறுமின. மூலையில் ரேடியோ ஒரு பச்சாத்தா பாட்டின் பாதி வரியிலிருந்து அலறியது. காலையிலிருந்து போயிருந்த கரண்ட் வந்துவிட்டது. தலை நிறைய ரோலர்களைச் சுற்றிக்கொண்டு வியர்த்து வழிந்த பெண்கள் கைதட்டினார்கள்.

"கைதட்டினது போதும். மறுபடி போறதுக்குள்ள ஆளுக்கொரு டிரையருக்குள்ள தலையை விடுங்க!" என்று விரட்டினாள் நூரிஸ்.

நாளை அன்னையர் தினம். பானி நகரத்தில் எந்தத் தாயும் தலையைச் சரிசெய்துகொள்ளாமல் அந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் நுழைய மாட்டாள். அதனால் பார்லரில் நிற்கக்கூட இடமில்லை.

டெயானிராவுக்கு மட்டும் இடம் இருந்தது. ஏழு மாத வயிறு அவளுக்கு முன்னால் போய் வழி கேட்டது. மூத்தவர் என்ற மரியாதையில் ஊரே டோனா சேர்த்துக் கூப்பிடும் ஃபேஃபாவின் நரைத்த முடியைக் கடைசி ரோலரில் சுற்றி, ஊசி செருகி, அவரை டிரையருக்குக் கீழே உட்கார வைத்தாள்.

"நாளைக்கு உனக்கும்தான்டி விசேஷம்," என்றாள் நூரிஸ். "இன்னும் பொறக்கலைன்னா என்ன? வயித்துல இருந்தாலும் அம்மா அம்மாதான். வில்கின் என்ன வாங்கித் தரப்போறான்?"

"அவர் நல்லா இருந்தா போதும், நூரிஸ். நேத்துலேர்ந்து மூஞ்சியே சரியில்ல."

சொல்லும்போது அவள் சிரித்தாள். சிரிக்க இப்போதுதான் மறுபடி பழகியிருந்தாள்.

ஈஸ்டருக்கு முந்தின புனித வாரத்தில் நடந்ததை இந்தத் தெருவில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். வில்கினின் போனில் பாயா ஊர்ப் பெண் ஒருத்தி அனுப்பிய செய்திகளைப் பார்த்துவிட்டு, டெயானிரா கட்டின துணியோடு அசுவாவுக்கு, அப்பா வீட்டுக்குப் பஸ் ஏறிவிட்டாள். அவளைத் திரும்பக் கூட்டி வந்தது புருஷன் இல்லை. தோழி யெலிட்சாதான். இனிப்புப் பீன்ஸ் பாயசத்தை ஒரு பானை நிறைய மடியில் வைத்துக்கொண்டு, அத்தனை தூரமும் பஸ்ஸில் குலுங்கி வந்தாள். "அவனை நான் பாத்துக்கறேன். இனிமே தப்பு பண்ணினா நானே கழுத்தை நெரிச்சுடறேன். எந்திரி, கொமாத்ரே," என்றாள்.

பிள்ளைக்கு யெலிட்சாதான் ஞானத்தாய் என்று முடிவான நாளிலிருந்து இருவரும் ஒருவரையொருவர் கொமாத்ரே என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். உடன்பிறந்தவளிடம் கோபித்துக்கொள்ளலாம். கொமாத்ரேயிடம் முகம் சுளிக்கவும் கூடாது. அது அந்த ஊர் மரியாதை.

வீடு திரும்பியபோது வில்கின் முழங்காலிட்டு அவள் வயிற்றில் கை வைத்துச் சத்தியம் செய்தான். டெயானிராவும் ஒன்று சொன்னாள். "இன்னொரு தடவை இப்படி நடந்தா, புள்ள அசுவாவுலதான் பொறக்கும். உன் பேர்கூட அதுக்குத் தெரியாது."

அதன் பிறகு இன்றுவரை அவன் ஒழுங்காக இருக்கிறான். குடிதண்ணீர்க் குடுவைகளை வீடுவீடாகப் போடும் லாரியை எடுத்துக்கொண்டு காலையில் போனால் மாலையில் வீடு. போனைக்கூட மேசை மேல் எல்லோரும் பார்க்கும்படி வைத்துவிடுகிறான்.

வாசலில் பைக் டாக்ஸி ஒன்று கிறீச்சிட்டு நின்றது. பின்சீட்டிலிருந்து குதித்து இறங்கியவர் அவளுடைய மாமியார், டோனா இதாலியா. கையில் விசிறி. முகமெல்லாம் வெற்றி.

"டெயா! எங்கடி அவ? எல்லாரும் கேளுங்க! ரேடியோவைக் குறைங்கடி!"

"என்ன அத்தை, என்னாச்சு?"

"என் புள்ளைக்கு வாந்தி!"

இவ்வளவு சந்தோஷமாக ஒருவர் அந்தச் செய்தியைச் சொல்லி யாரும் கேட்டதில்லை.

"லாரியைப் பாதியில விட்டுட்டு வந்து படுத்துட்டான். முட்டை பொரிக்கற வாசனை ஆகலை. சலாமிக் கறியைக் கண்ணால பார்க்க முடியலை. ஊரே மாம்பழத்துல மெதக்குது, இவனுக்கு மாங்காய் வேணுமாம், உப்புத் தொட்டுக்க! தூக்கமா தூங்கறான்." டோனா இதாலியா விசிறியைப் பட்டென்று மடக்கினார். "பொல்லாத வயிறு! பொண்டாட்டியோட பொல்லாத வயிறு என் புள்ளைக்கு வந்திருக்கு!"

பார்லரே கலகலவென்று சிரித்தது. மசக்கையை அங்கே பொல்லாத வயிறு என்றுதான் சொல்வார்கள். மனைவி மேல் உயிரை வைத்திருக்கும் ஆணுக்கு, அவள் மசக்கை தொற்றிக்கொள்ளும். இது டாக்டருக்குத் தெரியாது, பானியில் எல்லாப் பெண்களுக்கும் தெரியும்.

"அடி அதிர்ஷ்டக்காரி! நான் மூணு பெத்தேன். எங்க வீட்டுக்காரருக்கு ஒரு ஏப்பம்கூட வரலை!"

"உன் வீட்டுக்காரருக்குப் பீர் குடிச்சே வயிறு ரொம்பிடும். மசக்கைக்கு ஏது எடம்?"

"அவங்க அப்பாவுக்கும் அப்படித்தான்," என்றார் டோனா இதாலியா. "இவனை நான் சுமந்தப்போ அந்த மனுஷன் எலுமிச்சம்பழத்தை மோந்துக்கிட்டே திரிஞ்சாரு. பாசம் ரத்தத்துல வர்றது!"

டெயானிராவின் காதுமடல்கள் சூடாயின. புனித வாரத்துக்குப் பிறகு அவள் தினமும் ஓர் அடையாளத்தைத் தேடிக்கொண்டிருந்தாள். அவன் தூங்கும்போது முகத்தைப் பார்ப்பாள். கிளம்பும்போது முதுகைப் பார்ப்பாள். உண்மையிலேயே திரும்பி வந்துவிட்டானா? இதோ, ஊர் முன்னால் பதில் வந்துவிட்டது. சத்தியம் பொய்யாகலாம். உடம்பு பொய் சொல்லாது.

"மாங்காய் நானே வாங்கிட்டுப் போறேன் அத்தை," என்றாள். 

கிரிசெல்டா ஜன்னலோரம் உட்கார்ந்து நகப்பூச்சு காய்வதற்காக விரல்களை ஊதிக்கொண்டிருந்தாள். கெட்ட எண்ணம் இல்லாதவள். வாயில் வந்ததைக் கேட்டுவிடுகிற பழக்கம் மட்டும் உண்டு.

"ஏழாவது மாசத்துலயா வரும்?"

"என்ன ஏழாவது மாசம்?" என்றார் டோனா இதாலியா.

"இல்ல, பொம்பளைக்கு வர்றப்பதானே ஆம்பளைக்கும் வரும்? ஆரம்பத்துல. டெயாவுக்கு வாந்தி பிப்ரவரியில, கார்னிவலோடயே நின்னு போச்சே. இப்போ சலாமியை முழுங்கறாளே." கிரிசெல்டா இன்னொரு விரலை ஊதினாள். "அப்போ இது யாரோட பொல்லாத வயிறு?"

டிரையர்களின் உறுமல் மட்டும் கேட்டது.

சிரித்துக்கொண்டிருந்த வாய்கள் ஒவ்வொன்றாக மூடின. நூரிஸ் சீப்பைக் கீழே வைத்தாள். ஒருத்தி தன் கைப்பைக்குள் எதையோ மும்முரமாகத் தேடினாள். டோனா இதாலியாவின் விசிறி பாதி விரிந்த நிலையில் நின்றது.

டிரையருக்குள் இருந்தவர்களுக்குக் காது கேட்காது. தாங்கள் கத்துவதும் அவர்களுக்குத் தெரியாது. டோனா ஃபேஃபா எல்லோர் முகத்தையும் பார்த்துவிட்டு உரக்கக் கேட்டார்.

"என்னடி சொல்றா? யாருக்கு வயிறு?"

"ஒண்ணுமில்ல டோனா ஃபேஃபா, நீங்க உக்காருங்க..."

"வில்கினுக்கு இன்னொருத்தியா? அவளும் உண்டாயிருக்காளா?"

அந்தக் குரல் கதவைத் தாண்டி, நடைபாதையைத் தாண்டித் தெருவுக்குப் போயிற்று. வாழைக்காய் வண்டிக்காரன் ஒலிபெருக்கியை நிறுத்திவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தான்.

"சும்மா இருங்க!" என்று சீறினார் டோனா இதாலியா. "பொல்லாத வயிறும் இல்ல, ஒண்ணும் இல்ல. நேத்து ரோட்டோரத்துல கறி வெச்ச எம்பனாடா தின்னான். அது ஒத்துக்கலை."

"இப்பதானே நீங்க..."

"நான் எப்பச் சொன்னேன்?"

டெயானிரா கையிலிருந்த ரோலர்களைக் கூடையில் போட்டாள். ஏப்ரனை அவிழ்த்து நாற்காலி மேல் மாட்டினாள். யாரும் அவளைப் பார்க்கவில்லை. பாவம் என்று ஒருத்தியாவது நேராகப் பார்த்திருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். இத்தனை பேரும் ஒரே நேரத்தில் தரையைப் பார்த்ததுதான் தாங்கவில்லை.

"மகளே, இரு, நானும் வர்றேன்..." என்றார் மாமியார்.

அவள் நிற்கவில்லை.

*

வில்கின் ஒருக்களித்துப் படுத்திருந்தான். கட்டிலுக்குக் கீழே பக்கெட். எதிரே மின்விசிறி. சாம்பல் பூத்த முகத்திலும் அழகாகத்தான் இருந்தான், பாவி.

"டெயா," என்றான், கண்ணைத் திறக்காமலே. "மாங்காய் கொண்டு வந்தியா?"

 அவள் திரும்பிச் சமையலறைக்குப் போனாள். சலாமியை எடுத்துத் தடித்த வட்டங்களாக நறுக்கினாள். வாணலியில் எண்ணெய் விட்டாள்.

டோனா இதாலியா மூச்சு வாங்க உள்ளே வந்தார். "என்ன பண்றே?"

"சமைக்கறேன் அத்தை."

"இந்நேரத்துக்கா?"

எண்ணெயில் சலாமி விழுந்து சடசடத்தது. வாசனை கூடத்தைத் தாண்டி அறைக்குள் போயிற்று. கட்டில் கிறீச்சிட்டது. வெறுங்கால்கள் ஓடின. பின்வாசல் கதவு சுவரில் மோதியது. கொல்லையில் வில்கின் குடலே வெளியே வருவது போல ஓங்கரித்தான்.

டெயானிரா அடுப்பை அணைத்தாள்.

"அது கெட்டுப்போன எம்பனாடா, மகளே. நான் சொல்றேன்ல..."

"கெட்டுப்போன எம்பனாடா மாங்காய் கேக்குமா அத்தை?"

டோனா இதாலியா நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். திடீரென்று அவருக்கு வயதாகிவிட்டது போலிருந்தது.

"அப்படியே இருந்தாலும்," என்றார் தணிந்த குரலில், "இன்னிக்கு எதுவும் வேண்டாம். நாளைக்கு எல்லாரும் சாப்பிட வர்றாங்க. சான்டியாகோலேர்ந்து அவன் அக்கா வர்றா. அன்னையர் தினத்தன்னிக்கு மருமக வீட்ல இல்லன்னா ஊர் என்ன சொல்லும்?"

"ஊருக்குச் சொன்னதே நீங்கதானே அத்தை."

"சந்தோஷத்துல சொன்னேன்டி! கணக்குப் பார்க்கலை!"

அது உண்மை. அந்த நிமிஷம் டெயானிராவுக்கு மாமியார் மேல் கோபம் இல்லை. பார்லரில் தானும் கணக்குப் பார்க்கவில்லையே. மாங்காய் வாங்கப் புறப்பட்டவள்தானே.

அவள் கொல்லைக்குப் போனாள். வில்கின் குழாயடியில் குந்தி முகத்தைக் கழுவிக்கொண்டிருந்தான்.

"யாரு?"

"யாருன்னா?"

"பேர் கேக்கறேன், வில்கின்."

"அம்மா பார்லர்ல போய் என்ன உளறினாங்க?" அவன் எழுந்து நின்றான். தண்ணீர் தாடையிலிருந்து சொட்டியது. "ஒரு மனுஷன் வாந்தி எடுக்கக்கூடாதா இந்த ஊர்ல? வாந்தி எடுத்தா உடனே எவளுக்கோ புள்ளையா? சிரிப்பா இருக்கு டெயா."

"சிரி, பார்க்கலாம்."

அவன் சிரிக்கவில்லை.

"வெயில்," என்றான். "நாள் பூரா வெயில்ல தண்ணிக் குடுவை தூக்கறேன். அதான்."

"சரி. நம்பறேன்." அவள் ஓரடி முன்னால் வந்தாள். "புனித வாரத்துல என் வயித்துல கை வெச்சு ஒண்ணு சொன்னேல்ல. அதையே மறுபடி சொல்லு. சொல்லிட்டா நான் உள்ள போய் உனக்கு இஞ்சித் தண்ணி வெச்சுத் தர்றேன். நாளைக்கு உங்க அக்காவுக்கு என் கையால பரிமாறறேன். கிரிசெல்டா மூஞ்சியில காறித் துப்பறேன். சொல்லு."

அவனுடைய ஈரக்கையைப் பிடித்துத் தன் வயிற்றின் மேல் வைத்தாள். உள்ளே பிள்ளை உதைத்தது. நன்றாக, பலமாக. இருவருமே அதை உணர்ந்தார்கள்.

வில்கின் நெருப்பைத் தொட்டவன் போலக் கையை இழுத்துக்கொண்டான்.

"புள்ளையை இதுல இழுக்காத, டெயா."

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், அவள் நம்பியிருப்பாள். பொய் என்று தெரிந்தே நம்பியிருப்பாள். அந்த ஒரு பொய்கூட அவனிடம் மிச்சமில்லை.

அவள் அறைக்குள் போய்ப் பையை எடுத்தாள். பிரசவத்துக்கென்று கட்டி வைத்த பை. குட்டிச் சட்டைகள், துணிகள், மாமியார் பின்னிய மஞ்சள் தொப்பி. அதன் மேலேயே தன் உடுப்புகள் இரண்டைத் திணித்தாள். தொப்பியை மட்டும் வெளியே எடுத்துக் கட்டிலில் வைத்தாள். பிறகு ஏனோ மனது கேட்காமல் அதையும் உள்ளே வைத்தாள்.

வாசலில் டோனா இதாலியா வழியை மறித்து நின்றார்.

"எங்க போறே?"

"சொன்ன எடத்துக்குத்தான். புள்ள அசுவாவுலதான் பொறக்கும் அத்தை."

"டெயா, கொஞ்சம் பொறு. அவ யாரு, என்ன, ஒண்ணும் தெரியாம..."

"உங்களுக்குத் தெரியுமா?"

"மாதா மேல சத்தியமா தெரியாது!"

மாமியாரின் கண்களில் நீர் நின்றது. அவர் பொய் சொல்லவில்லை. டெயானிரா அவரை ஒரு கணம் அணைத்துக்கொண்டாள். பிறகு விலக்கிவிட்டுப் படியிறங்கினாள். பின்னால் வில்கின் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். பாதிப் பெயரிலேயே மறுபடி ஓங்கரிப்பு வந்துவிட்டது.

*

அசுவா பஸ் நிற்கும் முனைக்கு முந்தின சந்தில்தான் யெலிட்சாவின் வீடு.

ஒரு நாளும் டெயானிரா அந்தச் சந்தைத் தாண்டி நேராகப் போனதில்லை. இன்று எப்படிப் போவாள்? அழுவதற்கு அவளுக்கு இருந்த ஒரே மடி அது. அம்மா போன பிறகு, அப்பாவிடம் அழ முடியாது. அவர் உடனே கத்தியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்.

காலையில் பார்லருக்கு யெலிட்சாவும் வந்திருக்க வேண்டியது. தலைவலி, வரவில்லை என்று போனில் சொல்லியிருந்தாள். நல்லவேளை, என்று நினைத்தாள் டெயானிரா. வந்திருந்தால் கிரிசெல்டாவின் மயிரைப் பிடித்திருப்பாள்.

யெலிட்சா கதவைத் திறந்தாள். தோளில் அளவெடுக்கும் டேப். கையில் வெள்ளைத் துணி. தையல்காரி. பிள்ளையின் ஞானஸ்நான உடுப்பை அவளேதான் தைத்துக்கொண்டிருந்தாள். ஞானத்தாய் தர வேண்டிய சீர் அது.

"டெயா! என்னடி இது, பையும் கையுமா? வலி எடுத்துருச்சா?"

"வலிதான். ஆனா வயித்துல இல்ல, கொமாத்ரே."

அவ்வளவுதான். வழியெல்லாம் அடக்கி வைத்த அழுகை வாசலிலேயே உடைந்தது.

யெலிட்சா அவளை உள்ளே கூட்டிப் போய், மின்விசிறிக்கு நேரே உட்கார வைத்தாள். கதவுக்குப் பின்னால் தண்ணீர்க் குடுவைகள் சுவர் நெடுக வரிசையாக நின்றன. ஒற்றை ஆளுக்கு இத்தனை குடுவையா, குளத்தை விலைக்கு வாங்கிட்டியா என்று வேறு நாளாக இருந்தால் டெயானிரா கேலி செய்திருப்பாள்.

யெலிட்சா சர்க்கரை கரைத்த தண்ணீரைக் குடிக்கக் கொடுத்தாள். தரையில் உட்கார்ந்து டெயானிராவின் வீங்கிய பாதங்களை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். கட்டை விரலால் உள்ளங்காலை மெல்ல அழுத்தினாள்.

"சொல்லு. என்ன பண்ணினான் அவன்?"

"வாந்தி எடுத்தான்."

யெலிட்சா நிமிர்ந்து பார்த்தாள். சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாத முகம்.

டெயானிரா எல்லாவற்றையும் சொன்னாள். கரண்ட் வந்தது, மாமியார் குதித்து வந்தது, மாங்காய், கிரிசெல்டாவின் கேள்வி, டோனா ஃபேஃபாவின் கூச்சல், சலாமி, குழாயடி.

"கையை இழுத்துக்கிட்டான், கொமாத்ரே. அவன் புள்ள உதைக்குது, அவன் கையை இழுத்துக்கறான்."

"ஆம்பளைங்களே அப்படித்தான். பயந்துருப்பான். பொல்லாத வயிறுன்னு அந்தக் கிழவிங்க சொல்றதை எல்லாம்..."

"நீ நம்பலையா? உங்க அண்ணனுக்கு வரலையா? அண்ணி சொல்றதுக்கு முன்னாடியே, அவன் வாந்தியைப் பார்த்துட்டுத்தானே உங்கம்மா தொட்டில் வாங்கினாங்க?"

 அது யெலிட்சாவின் வீட்டில் நடந்ததுதான். எத்தனையோ முறை அவளே சிரிக்கச் சிரிக்கச் சொன்ன கதை.

"எங்கேயோ ஒருத்தி இருக்கா," என்றாள் டெயானிரா. "இப்பதான் அவளுக்கு ஆரம்பம். முட்டை வாசனை ஆகாம, மாங்காய் தின்னுக்கிட்டு ஒருத்தி இருக்கா. அவளுக்காக இவன் வாந்தி எடுக்கறான். எனக்கு வந்தப்போ இவனுக்கு ஒரு நாள் தலைகூடச் சுத்தலை. யோசிச்சுப் பாரு. எனக்கு ஒண்ணும் வரலை. அவளுக்குன்னா குடலே வெளிய வருது."

இதுதான் அவளை வழியெல்லாம் அறுத்துக்கொண்டு வந்தது. வேறொருத்தியிடம் போனான் என்பதைக்கூட எப்படியோ விழுங்கலாம். அவன் உடம்பு யாருக்காக வருந்துகிறது என்பதை எப்படி விழுங்குவது?

பாதத்தை அழுத்திக்கொண்டிருந்த விரல்கள் நின்றுவிட்டன.

"அந்தப் பாயாக்காரியா இருக்குமோ?" என்றாள் யெலிட்சா. குரல் மாறியிருந்தது.

"தெரியலை."

"அவளை விட்டுட்டேன்னு சொன்னானே! புனித வாரத்தோட விட்டுட்டேன், அவ நம்பரையே அழிச்சுட்டேன்னு என்கிட்ட சத்தியம் பண்ணினானே!"

"என்கிட்டயும்தான் பண்ணினான்."

யெலிட்சா சட்டென்று எழுந்தாள். அளவு டேப்பை உருவி மூலையில் எறிந்தாள். "நாய்! பொய் சொல்ற நாய்! ஒவ்வொருத்திகிட்டயும் ஒரு பொய்யா?" அறையின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தாள். வெள்ளை உடுப்பு தரையில் விழுந்து கிடந்தது. அதை மிதித்துக்கொண்டு போனதுகூட அவளுக்குத் தெரியவில்லை.

டெயானிராவுக்கு அந்தக் கோபம் இதமாக இருந்தது. இன்று தனக்காக ஓர் ஆளாவது கத்துகிறதே. பார்லரில் அத்தனை பேர் இருந்தார்கள், ஒருத்தி வாய் திறக்கவில்லை. மாமியாருக்கு விருந்துச் சாப்பாட்டைப் பற்றிக் கவலை. இவள் மட்டும்தான் தனக்கே நடந்தது போலத் துடிக்கிறாள்.

"வா, வந்து உக்காரு," என்றாள். "உனக்குத் தலைவலி வேற."

யெலிட்சா உட்கார்ந்தாள். நாற்காலியின் நுனியில். முகத்தை இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டாள். தோள்கள் குலுங்கின.

"அட, நீ ஏண்டி அழறே?" டெயானிரா சிரமப்பட்டு எழுந்து வந்து, பெரிய வயிற்றை ஒரு பக்கம் ஒதுக்கிக்கொண்டு, தோழியின் தலையைத் தன் மேல் சாய்த்துக்கொண்டாள். "பைத்தியமே. அழ வேண்டியவ நான். என்கூட அசுவாவுக்கு வா, ரெண்டு நாள் இருந்துட்டு வரலாம். எங்கப்பாவை நீதான் சமாளிக்கணும்."

யெலிட்சா தலையை ஆட்டினாளா, மறுத்தாளா என்று தெரியவில்லை. வெளியே வாழைக்காய் வண்டியின் ஒலிபெருக்கி சந்தைக் கடந்து போயிற்று.

"போகட்டும், விடு," என்றாள் டெயானிரா, அவள் கூந்தலைக் கோதியபடி. "அவ யாருன்னு தேடிக்கிட்டு நான் அலையப்போறதில்ல. பாயாவோ, வேற எந்த ஊரோ. யாரா இருந்தா என்ன? நடந்தது நடந்தாச்சு. இப்போ அவ வயித்துல வில்கினோட புள்ள இருக்கு."

யெலிட்சா மெல்லத் தலையை விலக்கினாள். அவள் பார்வை டெயானிராவின் முகத்தில் இல்லை. குனிந்து, தன் தட்டையான வயிற்றையே வெறித்துக்கொண்டிருந்தாள். நீர் வழிந்த கன்னங்களில் நிறமே இல்லை. யாரிடமோ மன்றாடுவது போல முணுமுணுத்தாள்.

"இருக்காது... இருக்கவே முடியாது, டெயா. நாங்க ஒவ்வொரு தடவையும் ஜாக்கிரதையாத்தான் இருந்தோம்."